அலமாரியில் ஒரு வால்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து 20 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து குடியேறிய குடும்பம். கணவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இவர் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். ஒரே மகள், 17 வயது, இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. படிக்கிறாள். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மகளின் அலமாரியில் ஒரு பொட்டலம் கிடைத்திருக்கிறது. பிரித்தால், நீல நிறச் செயற்கை ரோமத் துணியில் தைத்த நீண்ட வால், ஓநாயின் பாதம் போன்ற இரண்டு கையுறைகள். அவள் கைப்பேசியில் பெயருக்குக் கீழே ‘ஃபர்ரி’ என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, “ஆமாம், நான் ஃபர்ரிதான்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அர்த்தம் புரியாத தாய், மகள் அந்த வாலோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் மகனுக்கு அனுப்பிக் கேட்டார். “அத்தை, இவர்கள் தங்களை விலங்கு என்று நம்புகிறவர்கள். இங்கே பள்ளிக்கூடங்களில் இவர்களுக்காகப் பூனை மலத்தொட்டி வைத்திருக்கிறார்கள்” என்று பதில் வந்தது. மறுநாள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. பெரியப்பா ஒருவர், இது விலங்குகளோடு தகாத உறவு கொள்ளும் கூட்டம் என்றார். மாமியார் குலதெய்வத்துக்கு முடிந்துவைத்தார். கணவர் கைப்பேசியையும் படம் வரையும் டேப்லெட்டையும் பிடுங்கிப் பூட்டிவிட்டு, “மனநல மருத்துவரிடம் காட்டி இரண்டு வாரம் உள்ளே வைத்து மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்” என்கிறார்.

தாய் கேட்பவை நான்கு: இது நோயா? என் மகள் தன்னை ஓநாய் என்று நம்புகிறாளா? மருந்தால் நிறுத்த முடியுமா? நாளை வரன் பார்க்கும்போது என்ன சொல்வது?

முதலில், ஐந்தாம் பக்கத்து வரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண்ணும் வாலின் மேல்தான் இருந்தது. இரண்டாம் முறைதான் ஐந்தாம் பக்கத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயத்தில் நின்றேன். படம் குழுவில் பரவிய பிறகு மூன்று வாரமாக மகள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, விடிகாலை இரண்டு மணிக்குத்தான் தூங்குகிறாள், ஒருநாள் “நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே” என்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாலுக்கு ஒன்றரைப் பக்கம், இதற்கு ஒரு வரி. உங்களைக் குறை சொல்லவில்லை. புரியாத ஒரு சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் மற்ற எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடுகின்றன.

இன்றே செய்ய வேண்டியது இது. அவளிடம் தனியாக, சாதாரணக் குரலில் நேரடியாகக் கேளுங்கள்: “அன்றைக்கு அப்படிச் சொன்னாயே, செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை. பெரும்பாலும் பாரம் இறங்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டுங்கள். 14416 என்ற எண்ணை, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. நிலைமை கைமீறுவதாகத் தோன்றினால் ஓசூர் சாலையில் இருக்கும் நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஆக, உங்கள் கணவர் மருத்துவரிடம் போகலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. போக வேண்டிய காரணம்தான் வேறு. தூக்கம், சாப்பாடு, அந்த வரி – இவற்றுக்காகப் போங்கள். வாலை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஒரு சொல், பல ஆட்கள்

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என் அறையில் உட்கார்ந்து இந்தச் சொல்லைச் சொன்னபோது, தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு அவன் போன பிறகு தேடிப் படித்தவள்தான் நானும்.

ஆங்கிலத்தில் ‘ஃபர்ரி’ என்றால் ரோமம் அடர்ந்தது என்று பொருள். பூனைக்குட்டியைச் சொல்லலாம், குளிருக்குப் போடும் மேலங்கியைச் சொல்லலாம். மனிதரைப் போலப் பேசி, நடந்து, சட்டை போட்டுக்கொள்ளும் கற்பனை விலங்குப் பாத்திரங்களுக்கு அது பெயரானது. பிறகு, அந்தப் பாத்திரங்களை விரும்புகிற ரசிகர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் நமக்குக் ‘காரர்’ என்று ஒரு விகுதி இருக்கிறது. பொய்க்கால் குதிரை ஆடுகிறவரைக் குதிரை என்று நாம் சொல்வதில்லை, பொய்க்கால் குதிரைக்காரர் என்போம். புலிவேடம் கட்டுகிறவர் புலிவேடக்காரர். ‘ஃபர்ரி’ என்ற சொல்லில் அந்தக் ‘காரர்’ இல்லை. பாத்திரத்துக்கும் ரசிகருக்கும் ஒரே பெயர். அதனால் “நான் ஃபர்ரி” என்று உங்கள் மகள் சொன்னது உங்கள் காதில் “நான் விலங்கு” என்று விழுந்தது. அவள் சொன்னதை நம் மொழியில் வைத்தால், “நான் அந்தக் கூட்டத்து ஆள்” என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதே சொல்லின் கீழும் அதன் அக்கம்பக்கத்திலும் வேறு வேறு ஆட்கள் நிற்கிறார்கள். விலங்குப் பாத்திரங்கள் வரும் கதையும் படமும் பிடிக்கும் என்பதோடு நிற்பவர்கள் உண்டு. தனக்கென்று ஒரு விலங்குப் பாத்திரத்தைப் பெயரோடும் குணத்தோடும் உருவாக்கிக்கொள்பவர்கள் உண்டு. அதை ‘ஃபர்சோனா’ என்பார்கள், ரசிகர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்று இருக்கும். உங்கள் மகளின் நோட்டு முழுக்க இருக்கும் நீல ஓநாய் அதுவாக இருக்கக்கூடும். அந்தப் பாத்திரத்தின் முழு உடையைத் தைத்து அணிபவர்கள் சிறுபான்மைதான். அதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். செய்திப் படங்களில் வருவது மட்டும் எப்போதும் அவர்கள்தான்.

இவர்களுக்கு அடுத்த வீட்டில் ‘தீரியன்’ என்று ஒரு பிரிவினர். மனதளவிலோ ஆன்மிக அளவிலோ தங்களுக்குள் ஒரு விலங்குத்தன்மை இருப்பதாக உணர்கிறவர்கள் இவர்கள். உடல் மனித உடல்தான் என்பது இவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஃபர்ரி ரசிகர்களில் சிறு பகுதியினரே தங்களைத் தீரியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்புறம் நான்கு கால்களில் ஓடியும் தாவியும் பழகும் ‘குவாட்ரோபிக்ஸ்’ என்ற உடற்பயிற்சி மோகம் ஒன்று பிள்ளைகளிடையே பரவியது. அதில் பலருக்கு மேற்சொன்ன எதனோடும் சம்பந்தம் இல்லை. காணொளிகளில் மட்டும் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன.

ஆகவே, ஃபர்ரி என்றால் என்ன என்று அமெரிக்காவில் கேட்பதைவிட, “நீ ஃபர்ரி என்று சொன்னால் என்ன அர்த்தத்தில் சொல்கிறாய்?” என்று பக்கத்து அறையில் கேட்பது பயன் தரும். வேறு யாருக்கும் தெரியாத விடை அது.

இந்தப் பெயர்ச் சண்டை அவர்களுக்குள்ளேயே பழையது. 1980-களில் அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளின் ஓரத்தில் ஓவியம் பகிர்ந்துகொள்ளக் கூடிய சிலரிடமிருந்து தொடங்கியது இது. 1989-ல் கலிஃபோர்னியாவில் தனியாக மாநாடு போட்டபோது வந்தவர்கள் 65 பேர். இப்போது பிட்ஸ்பர்க் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மாநாட்டுக்கு 2024-ல் 17,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இதே மாதிரிப் படங்களை வரையும் சில ஓவியர்கள், பெயருக்கு வந்த கெட்ட வாடைக்குப் பயந்து, ‘நான் ஃபர்ரி இல்லை’ என்று விலகி நிற்பதும் உண்டு. படம் ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் வேறு.

நம் ஊரில் பாருங்கள். பெங்களூரில் 2012-லிருந்து காமிக் கான் என்ற சித்திரக்கதை ரசிகர் திருவிழா நடக்கிறது. அங்கே பிள்ளைகள் விதவிதமான வேடம் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குக் ‘காஸ்பிளே’ என்று பெயர். பெற்றோரே கூட நின்று படம் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் இதே வாலைக் கட்டிக்கொண்டு அங்கே போய், “அம்மா, காஸ்பிளே” என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்குமா? நீங்கள் அலமாரியைத் திறந்த அதே நவராத்திரி வாரத்தில் மங்களூரிலும் உடுப்பியிலும் இளைஞர்கள் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு புலிவேஷம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவரவில்லை. அது வேண்டுதலும் ஊர்த்திருவிழாவும் சேர்ந்தது. இது ஒரு பெண் தனக்காகத் தானே உண்டாக்கிக்கொண்ட பாத்திரம். வால் கட்டிக்கொண்ட உடம்பைப் பார்த்து நாம் பழக்கப்படாதவர்கள் இல்லை என்பதற்காகச் சொன்னேன். சிதம்பரத்தில் புலிக்கால் முனிவரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள்தானே நாம்.

கறுப்பு வாந்தி காக்கையான கதை

கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று கிளம்பிய செய்தி, நாலு தெரு தாண்டுவதற்குள் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதை உங்களுக்குத் தெரியும். மலத்தொட்டிச் செய்தி அந்த வகை. 2021 கடைசியிலும் 2022-லும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது பரவியது. மிச்சிகனில் ஒரு பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர், அப்படி எதுவும் எங்கள் பள்ளிகளில் கிடையாது என்று எழுத்து மூலம் மறுக்க வேண்டிவந்தது. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 2022 மார்ச்சில் அவையிலேயே இதைப் பேசிவிட்டு, பொய் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஃபர்ரி மாணவர்களுக்காக அப்படித் தொட்டி வைத்த பள்ளி ஒன்றுகூட இன்றுவரை காட்டப்படவில்லை.

ஒரே ஒரு கொலராடோ மாவட்டத்தில், 2017 முதல் வகுப்பறைகளில் பூனை மலத்தொட்டிக்கான மணல் கொஞ்சம் வைத்திருந்தது உண்மை. துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்து, பிள்ளைகள் மணிக்கணக்கில் வகுப்பறைக்குள் பூட்டியிருக்க நேர்ந்தால் அவசரத்துக்குப் பயன்படட்டும் என்று வைத்த வாளி அது. துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் இறந்த கொலம்பைன் பள்ளி இருக்கும் மாவட்டம். உங்கள் நாத்தனார் மகன் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். குழுவில் இதைத் திருத்திச் சொல்லவேண்டியதும் அவர்தான் என்பது என் எண்ணம்.

ஒரு பெயர் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மறக்காத சம்பவம் ஒன்று உண்டு. 2014 டிசம்பரில் சிகாகோ அருகே ஃபர்ரி மாநாடு நடந்த விடுதியில் குளோரின் வாயு பரவியது. யாரோ வேண்டுமென்றே செய்தது என்று கருதியே விசாரித்தார்கள். நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 19 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தச் செய்தி ஒரு தொலைக்காட்சியில் நேரலையில் வந்தபோது, ஃபர்ரி என்றால் என்ன என்று அறிந்த தொகுப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடிவிட்டார். விஷவாயு, மருத்துவமனை என்ற சொற்கள் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் காணாமல் போயின. உங்கள் குடும்பக் குழுவில் மகளின் படத்துக்குக் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் அவற்றை எண்ணியிருப்பாள்.

பெரியப்பா சொன்னதில் எவ்வளவு உண்மை

விலங்குகளைத் துன்புறுத்தும் பாலியல் பழக்கத்துக்கும் இந்த ரசிகர் கூட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது தவறு. இங்கே இருப்பவை பேசும், சிரிக்கும், மனித குணமுள்ள கற்பனைப் பாத்திரங்கள். 2003-ல் பிரபலமான ஓர் அமெரிக்கத் துப்பறியும் தொடர், இவர்களின் மாநாடு என்றாலே பாலியல் கேளிக்கை என்பது போல ஓர் அத்தியாயம் எடுத்தது. பலரின் மனதில் இன்றும் இருப்பது அந்தப் படம்தான்.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாட்டேன். பெரியவர்களுக்கான ஆபாச ஓவியங்களும் எழுத்துகளும் இந்த வட்டத்தில் இருக்கின்றன, குறைவாகவும் இல்லை. பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது அவர்கள் பாடு. உங்கள் மகளுக்கு 17 வயது. எனக்குக் கவலை தருவது அவள் வரைகிற ஓநாய் அல்ல, அதைக் கேட்டு வாங்குகிறவர் யார் என்பதுதான். வயதில் மூத்த யாராவது அவளிடம் ஆபாசப் படங்களை அனுப்பினாலோ, அப்படி வரையச் சொன்னாலோ, அவளுடைய அப்படிப்பட்ட படத்தைக் கேட்டாலோ, அது குற்றம். 2012-ன் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் அதற்காகவே இருக்கின்றன. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லலாம். அப்போது எந்தக் காரணத்துக்காகவும் அவளைக் குற்றவாளியாக நிறுத்திவிடாதீர்கள். பிடுங்கிப் பூட்டிய கைப்பேசி இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. யாராவது தொல்லை கொடுத்திருந்தாலும், அதைச் சொன்னால் டேப்லெட் திரும்ப வராது என்று அவள் வாயை மூடிக்கொள்வாள்.

கடிதத்தின் ஓரத்தில், அடித்துத் திருத்தி, இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: இந்தக் கூட்டத்தில் ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் அதிகமாமே என்று. பொதுமக்களில் இருப்பதைவிட அதிகம்தான், ஆய்வுகள் அப்படித்தான் காட்டுகின்றன. அதை வைத்து உங்கள் மகளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அது அவளே, சொல்லத் தோன்றினால், தோன்றும்போது சொல்ல வேண்டியது. அதையும் ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது முன்வந்தால் விலகி நடங்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

நோயா, இல்லையா

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஃபர்ரி என்றோ தீரியன் என்றோ ஒரு நோய் கிடையாது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை, தங்களை முழு மனிதராக உணராத சிலருக்காக ‘உயிரின அடையாளக் கோளாறு’ என்று ஒரு பெயரை யோசனையாக முன்வைத்தது. 2011-ல் அதே ஆய்விதழில் அந்தப் பெயரைக் கடுமையாக மறுத்து எழுதினார்கள். எந்த நோய்ப் பட்டியலிலும் அது ஏறவில்லை. படித்தவர்களுக்கும் முத்திரை குத்தக் கை அரிக்கும் என்பது தவிர இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள அதிகமில்லை.

தான் உண்மையாகவே விலங்காக மாறிவிட்டதாக, உடல் உருமாறுவதாக நம்புகிற மனநிலை ஒன்று மருத்துவத்தில் உண்டு. மிக அரிது, கடும் மனநோயின் அறிகுறியாக வருவது. அப்படிப்பட்டவர் அதற்கு வால் தைத்துக்கொள்ள மாட்டார். வேடத்துக்கு வால் தேவைப்படுகிறது என்பதே, உடம்பில் வால் இல்லை என்று அவளுக்குத் தெரியும் என்பதன் அடையாளம். இல்லாத குரல்கள் கேட்பது, தொடர்பில்லாமல் பேசுவது, குளிக்காமல் வெளியே வராமல் இருப்பது, யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சுவது போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அவை எதுவும் இல்லை. மனச்சோர்வின் சாயல் இருக்கிறது. அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

உங்கள் கணவர் அறிய வேண்டிய சட்டம் ஒன்று: 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம். சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதன் 3-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றோர் சிகிச்சைக்கு அழைத்துப்போகலாம், அதில் தடையில்லை. ஆனால் “இவள் வால் தைத்திருக்கிறாள், உள்ளே வையுங்கள்” என்றால் நேர்மையான மருத்துவர் உங்களைத்தான் உட்காரவைத்துப் பேசுவார். இரவெல்லாம் திரையிலேயே இருக்கிறாள் என்பது தனிக் கவலையாக இருந்தால், நிமான்ஸில் 2014 முதல் அதற்கென்றே ‘ஷட் கிளினிக்’ இயங்குகிறது. முதல் சந்திப்புக்குப் பெற்றோர் மட்டும் போனாலும் தவறில்லை.

வரன் பற்றிய கேள்விக்கு ஒரே வரி: அவள் இன்னும் பி.யூ.சி. தேர்வே எழுதவில்லை, அம்மா.

‘கமிஷன்’ என்ற இன்னொரு சொல்

நான்காம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள்: கைப்பேசியில் ‘கமிஷன்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது, இரண்டு மாதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் வந்திருக்கிறது, ஏதோ தரகு வேலையில் மாட்டிக்கொண்டாளோ என்று. நம் காதில் கமிஷன் என்றால் தரகுதான். ஓவியர்கள் உலகில், ஒருவர் சொல்ல, அவருக்காக வரைந்து கொடுக்கும் படத்துக்கு அந்தப் பெயர். தன் பாத்திரத்தை அழகாக வரைந்து தரச் சொல்லி ஓவியர்களுக்குப் பணம் கொடுப்பது இந்த ரசிகர் வட்டத்தின் அன்றாட வழக்கம். நீங்கள் ரவிக்கை தைத்துக் கூலி வாங்குவதைப் போலத்தான். அளவு எடுப்பது, திருத்தம் செய்வது, சொன்ன நாளில் கொடுப்பது எல்லாம் இதிலும் உண்டு.

பணம் வந்த வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியில் மூத்த மாணவி ஒருத்தியின் வங்கிக் கணக்கு வழியாக வருகிறது என்கிறீர்கள். அந்தப் பெண் நல்லவளாகவே இருக்கட்டும். முகம் தெரியாதவர் அனுப்பும் பணம் மோசடிப் பணமாக இருந்துவிட்டால் கணக்கை முடக்குவார்கள், விசாரணை அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் வரும். 18 வயதாகாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால், வரைந்து வாங்கிக்கொண்டு ஒருவர் ஏமாற்றினால் கேட்பதும் கடினம். பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்து இயக்க வங்கிகளில் வழி உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஏற்பாட்டை உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ, அவளுக்குத் தெரிய, கணக்கு எழுதி, வைத்துக்கொள்ளலாம். பிள்ளை தன் சொந்தத் திறமையால் சம்பாதிப்பது பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படாது என்ற வரிச் சலுகையும் இருக்கிறது. யாருக்கு வரைவாள், எதை வரைய மாட்டாள் என்று இரண்டு மூன்று விதிகளை அவளையே எழுதச் சொல்லுங்கள். 18 ஆகும்வரை பெரியவர்களுக்கான படம் எதுவும் கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

குடும்பக் குழுவுக்கு

படத்தை முதலில் வெளியே அனுப்பியது நீங்கள். அர்த்தம் தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினீர்கள், எனக்குப் புரிகிறது. அவளுக்கு அது புரிய, நீங்கள் சொல்ல வேண்டும். “உன்னைக் கேட்காமல் உன் படத்தை அனுப்பினேன், அது என் தப்பு” என்ற வாக்கியத்துக்கு மேல் விளக்கம் சேர்க்காதீர்கள். ‘ஆனால்’ என்று தொடங்கினால் முதல் பாதி அழிந்துவிடும். குழுவில் அந்தப் படத்தை நீக்கச் சொல்லிக் கணவர் எழுதட்டும். பெரியப்பாவுக்கும் மேலே மூத்தவர்கள் இருக்கும் குழு என்பதால் தயங்குவார். “17 வயதுப் பெண் பிள்ளையின் படம், அவள் விருப்பமில்லாமல் போனது, எல்லோரும் அழித்துவிடுங்கள்” என்பது போதும். ஃபர்ரி பற்றிய விவாதத்தை அங்கே நடத்த வேண்டாம், ஜெயிக்க முடியாது. மாமியாரின் வேண்டுதல் இருக்கட்டும். பேத்தி நன்றாகத் தூங்கட்டும் என்று முடிந்துவைத்ததாக எடுத்துக்கொண்டால் அதில் யாருக்கும் சங்கடமில்லை.

கைப்பேசியையும் டேப்லெட்டையும் திரும்பக் கொடுங்கள், இரவு பதினொரு மணிக்குமேல் கூடத்தில் வைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. முதலில் டேப்லெட். அவள் கை மூன்று வாரமாகச் சும்மா இருக்கிறது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் பக்கத்தில், கோபத்தின் நடுவே, உங்களை அறியாமல் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “வாலின் தையல் மட்டும் நேர்த்தியாக இருந்தது, என் மெஷினில்தான் தைத்திருக்கிறாள், எப்போது தைத்தாள் என்றே தெரியவில்லை.” ரோமத் துணி தைப்பது லேசான வேலை இல்லை, உங்களுக்கே தெரியும். ரோமம் தையலுக்குள் மாட்டும், ஊசி உடையும், திருப்பிப் போடும்போது நுனி சரியாக வராது. அந்த நுனியை எப்படித் திருப்பினாள் என்று கேளுங்கள்.